சென்னை - அந்தமான்: எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்?

சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேருக்கு எவ்வளவு தூரம் என்று தேடினால் ஒரு இடத்தில் 1190 கிலோமீட்டர் என்றிருக்கும், இன்னொரு இடத்தில் 1370 என்றிருக்கும். எது சரி என்று நீங்களே பார்த்துவிடலாம், பள்ளிக்கூடக் கணக்கு போதும்.

மேப்பில் இரண்டு விமான நிலையங்களையும் அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை வரும். சென்னை 13.0, 80.2, போர்ட் பிளேர் 11.6, 92.7. வடக்கு தெற்காக 1.4 டிகிரி வித்தியாசம், டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்றால் 155. கிழக்கு மேற்காக 12.5 டிகிரி, ஆனால் இங்கே 111 போடக்கூடாது, நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும் என்பதால் நம்ம பக்கத்துக்கு 108.5 போடுங்கள், 1356 வரும். அப்புறம் பிதாகரஸ்தான்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1365. ஆக 1370 என்று சொல்பவர்கள் பக்கம்தான் நியாயம்.

நேரத்துக்கு, தூரத்தை 800-ஆல் (விமானம் மணிக்குப் போகும் கிலோமீட்டர்) வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். அந்த அரை மணி ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, மேலே ஏற, கீழே இறங்க. இரண்டே கால் மணி நேரம் வரும், நேரடி விமானத்தின் டிக்கெட்டிலும் ஏறக்குறைய அதுதான் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்று அடிக்கும், அதனால் அப்போது போகும்போது கொஞ்சம் கூடும், வரும்போது குறையும்.

டிக்கெட் போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விலை மலிவு என்று கொல்கத்தா வழியாகப் போகும் விமானத்தைக் காட்டும். சென்னை - கொல்கத்தா தூரமே கிட்டத்தட்ட சென்னை - போர்ட் பிளேர் அளவு, அங்கிருந்து திரும்ப தெற்கே 1300 கிலோமீட்டர் வர வேண்டும், நடுவில் காத்திருப்பு வேறு, பாதி நாள் போய்விடும். ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்கு இது தேவையா என்று யோசியுங்கள். (கப்பலும் இருக்கிறது, ஏறக்குறைய மூன்று நாள். கடல் பிடித்தவர்களுக்கு மட்டும்.) போர்ட் பிளேர் என்ற பெயரை 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், புதுப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, அங்கேயும் இந்திய நேரம்தான். ஆனால் சூரியனுக்கு அது தெரியாதே! ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், 12.5 டிகிரிக்கு 50 நிமிடம் முன்னாடியே விடிந்து முன்னாடியே இருட்டும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மதிய விமானத்தில் போய் இறங்கினால் அன்றைக்கு எதையும் பார்க்க முடியாது, ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகுகளும் பெரும்பாலும் கிளம்பியிருக்கும். அதனால் விடிகாலை விமானமே நல்லது. மழைக்காலத்தில் இறங்க முடியாமல் விமானம் திரும்பி வருவதும் உண்டு, பக்கத்தில் இறங்க வேறு பெரிய விமான நிலையம் கிடையாது, ஆகவே படகு டிக்கெட்டை மறுநாளுக்குப் போடுங்கள்.