வழிதவறி வந்த நாய்க்கு மைக்ரோசிப் இருக்கிறதா? ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் முறை

கோடை விழா நாட்களில் ஏற்காட்டுக்கு வரும் கார்களில் நாய்களும் வருகின்றன. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்கிறார்கள். குரங்கைக் கண்ட நாய் பாய்ந்து ஓடிக் காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால், எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பாது. சேலம் நகரத்தில் அதே வேலையைத் தீபாவளி வெடி செய்துவிடுகிறது. இப்படித் திரியும் நாய், பூனைகளில் சிலவற்றின் தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கிறது. அதைப் படிக்கும் கருவி ஊரில் ஒரு கையிலாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிப் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடிக் குழல். அதில் பேட்டரி கிடையாது. இருக்கும் இடத்தையும் காட்டாது. ஸ்கேனரின் ரேடியோ அலை பட்டால் 15 இலக்க எண் ஒன்றை மட்டும் திருப்பித் தரும். உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவேட்டில்தான் இருக்கும். கைப்பேசியால் இந்தச் சிப்பைப் படிக்க முடியாது. இரண்டின் அலைவரிசையும் வேறு.

கருவி வாங்கும்போது

தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை கட்டாயம் வேண்டும். பழைய சிப்புகளுக்காக 125 கிலோஹெர்ட்ஸையும் படித்தால் நல்லது. இரவு வெகுநேரம் திறந்திருக்கும் மருந்துக்கடை போன்ற இடத்தில், சார்ஜ் குறையாமல் வைத்திருங்கள்.

நாயை நெருங்கும்போது

துரத்தாதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து, தண்ணீரும் கொஞ்சம் சோறும் வைத்துவிட்டுக் காத்திருங்கள். உறுமினாலோ பல்லைக் காட்டினாலோ விலகிவிட்டுப் பழக்கமுள்ளவரை அழையுங்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்கேன் செய்யும்போது

பெரும்பாலானோர் அவசரப்படுவது இங்கேதான். பிடரியில் ஒருமுறை காட்டி, சத்தம் வராவிட்டால் ‘சிப் இல்லை’ என்று கைவிட்டுவிடுகிறார்கள். சிப்பை இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில்தான் போடுவார்கள். ஆனால் நாளடைவில் அது தோளுக்கோ, விலாவுக்கோ, முன்னங்காலுக்கோ நகர்ந்துவிடலாம்.

இரும்புச் சங்கிலியையும் உலோக வளையமுள்ள கழுத்துப்பட்டையையும் முதலில் கழற்றிவிடுங்கள். உலோகம் அலையைக் குழப்பும். பிறகு ஸ்கேனரின் பொத்தானை அழுத்தியபடி, முடியைத் தொட்டும் தொடாமலும் மெதுவாக நகர்த்துங்கள். ஏர் உழுவதுபோல நெடுக்காக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை, இடைவெளி விடாமல் போக வேண்டும். பிடரியிலிருந்து முதுகு, இரு தோள்கள், கழுத்தின் பக்கங்கள், மார்பு, முன்னங்கால்கள் முழங்கை வரை என்று வரிசையாகப் பாருங்கள். மழையில் நனைந்து, மண்ணும் உண்ணியும் அப்பிய சடை முடி என்றால் கருவியைச் சற்று அழுத்திப் பிடியுங்கள். ஒன்றும் வரவில்லையா? கருவியின் கோணத்தைத் திருப்பி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

எண் கிடைத்த பிறகு

திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதினால் ஓர் இலக்கம் தவறிவிடும். 356 என்று தொடங்கினால் இந்தியாவின் குறியீடு. 900 முதல் 998 வரை என்றால் பொதுவாகத் தயாரிப்பாளரின் குறியீடு. எல்லாப் பதிவுகளும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதால் சிப் நிறுவனத்தின் பதிவேடு, இன நாய்களைப் பதிவு செய்யும் இந்திய கென்னல் கிளப், உள்ளூர்க் கால்நடை மருத்துவர் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பெங்களூருப் பதிவெண் உள்ள காரிலிருந்து இறங்கிய நாய் என்று யாராவது சொன்னால், அந்த ஊர் மருத்துவமனைகளிலும் விசாரியுங்கள்.

சிப் எண்ணை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். ‘என் நாய்’ என்று வருபவரிடம் கடைசி நான்கு இலக்கங்களைக் கேளுங்கள். தடுப்பூசி அட்டையையும் பழைய படங்களையும் வாங்கிப் பாருங்கள். விலையுயர்ந்த இன நாய்க்குப் பொய் உரிமை கொண்டாட ஆட்கள் வருவார்கள்.

சிப் இல்லாத நாயென்றால் நிறம், மச்சம், கண்டெடுத்த இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அதே பகுதியில் விசாரியுங்கள். மலையில் கிடைத்த நாயைச் சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டால், தேடிவருபவர் ஏற்காட்டிலேயே அலைந்துகொண்டிருப்பார். தவிர்க்க முடியாமல் கொண்டுபோனால், யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டெடுத்த இடத்தின் டீக்கடையில் சொல்லிவிட்டுப் போங்கள்.