வேளாங்கண்ணி பாதயாத்திரை: ஆபீஸ்காரர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஆகஸ்ட் பிறந்தால் சென்னையில் வேலைக்குப் போகும் இளவட்டங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. 22-ஆம் தேதி மெட்ராஸ் டே, ஆவணி பிறந்ததும் நண்பர்கள் கல்யாணம், முன்னே பின்னே பிள்ளையார் சதுர்த்தி, 29-ஆம் தேதி பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றம். இந்த நெரிசலுக்குள்தான் பங்கு இளைஞர் குழுவில் யாரோ ஒருவர் வாயைத் திறப்பார்: "இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போயிடலாமா?" அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப் குழு ரெடி. காவி டீ-ஷர்ட்டுக்கு யார் யாருக்கு என்ன சைஸ் என்று பட்டியலும் ரெடி. கால் ரெடியா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தொப்பி, தண்ணீர் பாட்டில், டார்ச் லைட் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். பழைய நடைக்காரர்கள் முதல் வருஷம் செய்ததும், இப்போது வருகிறவர்கள் அச்சுப் பிசகாமல் அப்படியே செய்வதுமான தவறுகள் வேறு.

லீவை வைத்து தூரத்தை வகுப்பது

மற்ற எல்லாத் தவறுக்கும் மருந்துப் பெட்டியில் ஏதாவது இருக்கும். இதற்குக் கிடையாது.

கணக்கு இப்படித்தான் போடுவார்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி: சுமார் 315 கி.மீ. ஐந்து நாள் லீவு, முன்னும் பின்னும் சனி ஞாயிறு, ஆக 9 நாள். 315-ஐ 9-ஆல் வகுத்தால் 35. "ஒரு நாளைக்கு 35 தானே மச்சான், காலையில 18, சாயங்காலம் 17." எக்செல் ஷீட்டில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

35 கி.மீ. என்றால் என்ன? சாலையில் குழுவாக நடக்கும்போது மணிக்கு 4.5 கி.மீ. வந்தால் பெரிது. நிற்காமல் நடந்தாலே ஏறக்குறைய 8 மணி நேரம். டீ, சாப்பாடு, ஜெபமாலை, கால் ஆற்றுவது எல்லாம் சேர்த்தால் 12 மணி நேரத்துக்கு மேல். அடியில் சொன்னால் 45 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரம் அடி. பார்க்கிங்கிலிருந்து லிப்ட், லிப்டிலிருந்து நாற்காலி என்று வாழ்கிறவரின் கால் ஒரு நாளைக்கு 4,000 அடி பார்த்தால் அதிகம். அந்தக் காலைத்தான் அடுத்தடுத்து 9 நாள் 50 ஆயிரத்துக்கு இழுக்கிறோம்.

முதல் நாள் ஒன்றும் தெரியாது. அங்கேதான் வினை. மூச்சு வாங்காது, தசையும் தாங்கும், பாட்டும் கூத்துமாகப் போகும். "நல்லாத்தானே இருக்கு" என்று கோவளத்தில் நிற்க வேண்டியவர்கள் மாமல்லபுரம் வரை தள்ளிவிடுவார்கள். தோலும் தசைநாரும் மூச்சைப் போலச் சீக்கிரம் பழகுவதில்லை. அதற்கு வாரக்கணக்கு வேண்டும். பழக்கமில்லாத நடையில் தசை வலி அன்றைக்கே வராமல் 48 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகும். அதாவது மூன்றாம் நாள். ஒரு நாளைக்கு 35 வீதம் மூன்றாம் நாள் எங்கே இருப்பீர்கள்? மரக்காணத்தில். இரண்டு பக்கமும் உப்பளம், கண் கூசும் வெள்ளை, ஒதுங்கி உட்கார நிழல் தேட வேண்டும்.

எந்த ஆண்டு போனாலும் அங்கே அப்படி ஒரு குழுவைப் பார்க்கலாம். ஆறேழு பேர், புதுக் காவி, புது ஷூ. ஒருவர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குதிகால் தரையில் படாமல் நொண்டுவார். இன்னொருவருக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரம் விரல் வைத்தால் துடிக்கும். மூன்றாமவர் ஆபீஸ் போனில், "நெட்வொர்க் இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நன்றாக நடக்கக்கூடிய இரண்டு பேரும் இவர்களுக்காக நின்று நின்று வேகம் இழந்து எரிச்சலில் இருப்பார்கள். அன்று மாலை இருவர் புதுச்சேரி பஸ்ஸில். மறுநாள் இன்னும் இருவர். வாடகைக்குப் பேசிய வேனுக்கு 9 நாள் பணம் போனது போனதுதான். வீடு திரும்பிய பிறகும் சிலருக்கு அந்த முன்னெலும்பு வலி வாரக்கணக்கில் போகாது.

இவர்களிடம் பழைய நடைக்காரர்கள் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லியிருப்பார்கள்: சிதம்பரத்திலிருந்து தொடங்குங்கள் என்று. எரிச்சல் வருவது அங்கேதான். சொன்னால் வரும் பதில், "சென்னையிலிருந்து நடந்தாத்தான் நடை. பாதியில ஏறினா யார்கிட்ட சொல்றது?" மாதாவிடம் சொல்ல வேண்டியதை ஸ்டேட்டஸ் பார்க்கிறவர்களிடம் சொல்ல நினைத்தால் இப்படித்தான் முடியும்.

சிதம்பரத்திலிருந்து கணக்கு இது: சீர்காழி 20 கி.மீ., அங்கிருந்து திருக்கடையூர் 24, தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால் 22, நாகூர் வழியாக நாகப்பட்டினம் 20, கடைசியாக வேளாங்கண்ணி 12. ஏறத்தாழ 98 கி.மீ., ஐந்து நாள். மூன்று நாள் லீவும் ஒரு சனி ஞாயிறும் போதும். கொள்ளிடம் பாலத்தை விடியற்காலையில் கடக்கலாம். தரங்கம்பாடியில் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் பத்து நிமிஷம் உட்காரலாம். 35 கி.மீ. கணக்கில் போகிறவர்களுக்கு அது ரோட்டோரம் வரும் இன்னொரு பெயர்ப்பலகை.

சென்னையிலிருந்துதான் என்றால் 12 நாள் ஒதுக்குங்கள். முதல் மூன்று நாள் 20, 22, 24 என்று ஏற்றி, அதன் பிறகு 28-ஐத் தாண்டாதீர்கள். வேளாங்கண்ணியிலும் அதே 29-ஆம் தேதி நடக்கும் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர 17 அல்லது 18-ஆம் தேதி கிளம்ப வேண்டும்.

"சென்னையிலிருந்து நடக்கிறேன் என்று நேர்ந்துவிட்டேனே" என்பார்கள் சிலர். பங்குத்தந்தையிடம் போய்ப் பேசுங்கள். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்குத் தரவும், அதை இன்னொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளவும் திருச்சபைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1196, 1197 ஆகிய விதிகள். இதைக் கேட்டு எந்தச் சாமியாரும் அதிர்ச்சி அடையப்போவதில்லை.

ஒற்றை நாள் பயிற்சி

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்துவிட்டு "பிராக்டிஸ் ஆச்சு" என்பது. அது ஆறு கி.மீ. கூட இல்லை. போகட்டும், நடந்தது நல்லதுதான். ஆனால் பாதயாத்திரையில் காலைக் கவிழ்ப்பது தூரம் மட்டும் இல்லை, மறுநாள் காலையில் அதே காலோடு எழுந்து நடப்பதுதான். ஆகவே பயிற்சியும் அடுத்தடுத்த இரண்டு நாளாக இருக்க வேண்டும். ஆறு வாரம் முன்னால் சனி 6, ஞாயிறு 6 என்று தொடங்கி, வாரத்துக்கு இரண்டு கி.மீ. ஏற்றி, கிளம்புவதற்கு 10 நாள் முன்னால் சனி 16, ஞாயிறு 16-ல் நிறுத்துங்கள். அதன் பிறகு காலுக்கு ஓய்வு. ஞாயிறு 16-ஐ முடிக்க முடியவில்லை என்றால் சிதம்பரம் கூட வேண்டாம், காரைக்காலிலிருந்து போங்கள்.

சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு ஒரு மணி வரை சுற்றிவிட்டு ஞாயிறு காலை ஐந்துக்கு நடைக்கு வருகிறவர்கள் உண்டு. ஆறு வாரத்தில் இரண்டு வாரம்கூட வந்திருக்க மாட்டார்கள்.

புது ஷூ

குறைந்தது 80 கி.மீ. ஓடாத ஷூ வேனில் கூட ஏறக் கூடாது. நடக்க நடக்கப் பாதம் வீங்கும், அதனால் மாலை வேளையில் கடைக்குப் போய் அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள்.

கொப்புளத்தில் நூல் கோர்ப்பது

ஊசியில் நூல் கோர்த்துக் கொப்புளத்துக்குள் இழுத்து, நூலை அப்படியே விட்டுவிட்டால் நீர் வடிந்துகொண்டே இருக்கும் என்று யாராவது ஒரு அண்ணன் வழி சொல்வார். வடியும்தான். அதே நூல் வழியாகச் சாலைப் புழுதியும் வியர்வையும் உள்ளே போகும். இரண்டு நாளில் சீழ் பிடிக்கும்.

கொப்புளம் வருவதற்கு முன்னால் ஒரு இடம் சுருசுருவென்று எரியும். அந்த நிமிஷமே நில்லுங்கள். "அடுத்த டீக்கடையில பார்த்துக்கலாம்" என்பதற்குள் தோல் பிரிந்துவிடும். ஷூவைக் கழற்றி, ஈரம் துடைத்து, எரியும் இடத்தில் காகித டேப்பைச் சுருக்கம் விழாமல் ஒட்டி, உலர்ந்த சாக்ஸ் மாற்றினால் போதும். ஐந்து நிமிஷ வேலை.

வந்துவிட்டால், சின்னதாக இருந்தால் தொடாதீர்கள். பெரிதாகி நடக்கவே விடவில்லை என்றால் மட்டும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் இரண்டு மூன்று இடம் குத்தி, பஞ்சு வைத்து அமுக்கி நீரை எடுங்கள். மேல்தோலை உரிக்கக் கூடாது, அதுதான் கட்டு. மேலே ஆன்டிசெப்டிக் களிம்பு, அதன் மேல் துணி, அதன் மேல் டேப். சர்க்கரை நோய் உள்ளவர் இந்த வேலையையே செய்யக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று: மதிய ஓய்வில் வெந்நீரில் உப்புப் போட்டு அரை மணி நேரம் காலை ஊறவைப்பது. இதமாக இருக்கும். ஊறிய தோல் சாயங்கால நடையில் ஈரக் காகிதம் மாதிரி கிழியும். கழுவுங்கள், விரல் இடுக்கு வரை துடையுங்கள், சுவரில் காலைத் தூக்கி வைத்து 20 நிமிஷம் படுங்கள்.

ஓஆர்எஸ்-ஐ அரை பாட்டிலில் கரைப்பது

பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. கையில் இருப்பது அரை லிட்டர் பாட்டில் என்பதால் முழுப் பாக்கெட்டையும் அதிலேயே கொட்டிக் குலுக்குகிறார்கள். இரட்டிப்பு உப்பு, தாகம் அடங்காது, வயிறு புரட்டும். பாதிப் பாக்கெட் போட்டால் மீதி ஈரமாகிவிடும் என்று கவலையா, வேனில் 5 லிட்டர் கேன் வைத்து ஐந்து பாக்கெட் கரைத்து ஆளுக்கு ஊற்றுங்கள். அன்றன்றைக்குக் கரைத்ததை அன்றே முடிக்க வேண்டும். பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து போடுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்துத் தலை சுற்றி உட்காருகிறவர்களும் உண்டு. வியர்வையில் போவது உப்பும்தான்.

வெறும் வயிற்றில் வலி மாத்திரை

காலையில் கிளம்பும் முன் ஒரு டைக்ளோபெனாக், "வலி வராம இருக்க". உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது இந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆபத்து, வயிற்றையும் புண்ணாக்கும். வலி தாங்கவில்லை என்றால் சாப்பிட்ட பிறகு பாராசிட்டமால் 650, அடுத்ததற்கு ஆறு மணி நேர இடைவெளி. அதற்கும் அடங்காத வலியோடு நடக்கக் கூடாது, வேனில் ஏறுங்கள்.

துவைக்காத காவி

கிளம்புகிற அன்றைக்குப் பிரித்து உடுத்தினால் பத்து மணி வியர்வையில் சாயம் தொடைவரை இறங்கும். முதலில் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசுங்கள். கஞ்சி போகும், துணியும் மெத்தென்று ஆகும். தொடை உரசும் இடத்தில் காலையிலும் மதியத்துக்குப் பிறகும் வாசலின் தடவுங்கள். ஜீன்ஸில் நடக்கலாமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

சாலையின் இடப்பக்கம் நடப்பது

பின்னால் வரும் வண்டி உங்கள் கண்ணில் படாது. எதிரே வருவதைப் பார்த்தபடி வலப்பக்க ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். இருட்டில் எல்லோருக்கும் ஒளிரும் பட்டை, வரிசையின் கடைசி ஆள் முதுகில் மினுக்கும் சிவப்பு விளக்கு. மாதா சப்பரத்தை வண்டியில் வைத்து இழுத்துப் போகும் குழு வலப்பக்கம் போக முடியாது. அப்போது வேன் சப்பரத்துக்குப் பின்னால் எச்சரிக்கை விளக்கோடு ஊர்ந்து வர வேண்டும், முன்னால் போய்ச் சமையல் போடக் கூடாது. காதில் இயர்போன் வேண்டாம். நடை நேரம் விடியற்காலை 3 முதல் 8, மாலை 4 முதல் 8. ராத்திரி முழுக்க நடக்கிறேன் என்று வீம்பு பிடிக்காதீர்கள், உங்களைவிட லாரி டிரைவருக்குத் தூக்கம் அதிகம்.

செல்பி

சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண்ணில் நின்று மட்டும்.

திரும்பும் டிக்கெட்டை விட்டுவிடுவது

போவதற்குத்தான் கால். வருவதற்கு ரயில். 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும். திருநாளான செப்டம்பர் 8 அன்று கிளம்ப வேண்டும் என்றால் ஜூலை 10 காலையிலேயே போட்டுவிடுங்கள். 7-ஆம் தேதி மாலை பெரிய தேர் பார்க்க நினைப்பவர்கள் அன்று ராத்திரி கிளம்பும் ரயிலை நம்பக் கூடாது. அந்தக் கூட்டத்தில் கோயிலிலிருந்து வெளியே வரவே நேரம் பிடிக்கும்.

மாதா குளம் வரை முழங்காலில்

கோயிலிலிருந்து மாதா குளத்துக்கு நேர்ச்சையாக முழங்காலில் போகும் வழி மணல் பாதைதான், ஆனால் கொப்புளத்தில் மணல் ஏறும். காலைக் கழுவிக் கட்டுப் போட்டு, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து மறுநாள் காலையில் வெயிலுக்கு முன் போங்கள்.

செருப்பு

வேனிலேயே கழற்றிவிடுங்கள். கோயில் வாசலில் விட்டால் திரும்பக் கிடைக்காது.