மனாவுஸில் இரண்டு நாள்: அமேசான் படகேறும் முன் செய்ய வேண்டியவை

பிரேசிலின் அமேசான் காட்டு நகரமான மனாவுஸில் இறங்கி மறுநாளே படகேறிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். ஏறியும்விட்டேன். ஆனால் முதல் இரவு, படகில் படுக்க வாங்கிய, கட்டக் கயிறில்லாத தூளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. விசா, விமானம் பற்றி இதில் எழுதவில்லை. ஆற்றோட்டத்தோடு, கடலோரப் பக்கம் இருக்கும் பெலேம் நகரம் வரை சுமார் 4 நாள் போகும் பயணிகள் படகுக்கு முன்னால், அந்த ஊரில் முடிக்க வேண்டிய வேலைகள் மட்டும்.

கிளம்பும் முன்: தடுப்பூசி

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பும்போதும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. சான்றிதழான மஞ்சள் அட்டை பாஸ்போர்ட்டோடு சேர்ந்தே இருக்கட்டும்.

படி 1: முதலில் துறை, அப்புறம் ஊர்

பையை அறையில் வைத்ததும் நேராக ஆற்றங்கரைக்குப் போங்கள். பயணிகள் படகுகள் ஓரிடத்திலிருந்து மட்டும் கிளம்புவதில்லை. பழைய துறைமுக முனையம் ஒன்று. சந்தைக்கு அருகே மனாவுஸ் மொதெர்னா என்ற படகுத்துறை இன்னொன்று. படகுகளின் கம்பியில் ஊர்ப் பெயரும் கிளம்பும் நாளும் எழுதிய பலகை தொங்கும். தெருவில் டிக்கெட் விற்பவர்கள் நிறைய. நான் சொல்வது, படகைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். "இந்தப் படகுதானா?" என்று விரலை நீட்டிக் கேளுங்கள். சாப்பாடு விலையில் சேர்த்தியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மனாவுஸ் கரையில் ஓடும் ரியோ நெக்ரோ ஆறு ஜூன் வாக்கில் உச்சத்துக்கு ஏறி, அக்டோபர், நவம்பரில் அடிமட்டத்துக்கு இறங்கும். வழக்கமான ஆண்டிலேயே 10 மீட்டர் வித்தியாசம் வரும். 2021 ஜூனில் 30.02 மீட்டர் வரை ஏறிய ஆறு, 2024 அக்டோபரில் 12.11 மீட்டருக்கு இறங்கியது. துறையை மிதவையாகக் கட்டியிருப்பது இதனால்தான். நீர் குறைந்த மாதங்களில் கரைக்கும் படகுக்கும் நடுவே நீண்ட சரிவு இருக்கும். சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம், முதுகுப்பை எடுத்துப் போங்கள்.

படி 2: தூளியும் கயிறும்

இந்தப் படகுகளில் பெரும்பாலோர் தூங்குவது தளத்தின் கூரைக் கம்பியில் கட்டிய தூளியில். அங்கே அதன் பெயர் 'ஹேஜி'. தனி அறையும் கிடைக்கும், விலை அதிகம். தூளியையே நான் விரும்புவேன். காற்று வரும், ஆறு தெரியும், பக்கத்திலிருப்பவர்கள் இரண்டாம் நாளே உறவுக்காரர் மாதிரி ஆகிவிடுவார்கள்.

தூளி வாங்குவது சுலபம். எனக்குத் தெரியாமல் போனது, கயிறு தனி என்பது. கடைக்காரர் மடித்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிட்டேன். படகில் விரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வெறும் நூல் காதுகள்தான். பக்கத்துத் தூளியிலிருந்த ஓர் அம்மா தன் பையிலிருந்து கயிறு எடுத்து, என்னை நகர்த்திவிட்டுத் தானே கட்டினார். கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பைக் காதுக்குள் நுழைத்து, முனைகளை அந்த மடிப்புக்குள்ளே விட்டு இழுத்தார். பிறகு முனைகளை மேலே கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, தொங்கும் கயிற்றுக்குப் பின்னால் கொண்டுவந்து, கொக்கி போல் வளைத்துச் செருகினார். பாரம் ஏற ஏற அது இறுகும். அவிழ்க்க, முனையை இழுத்தால் போதும். இந்த முடிச்சை அறையிலேயே நாலு தடவை போட்டுப் பழகிவிடுங்கள்.

கடையில் 'கோர்டா' என்று கேட்டு இரண்டு கயிறு வாங்குங்கள், ஒவ்வொன்றும் 2 மீட்டருக்குக் குறையாமல். நைலான் வலைத் தூளியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடும் படகில் இரவுக் காற்று குளிரும், பருத்தித் துணிதான் சரி. அகலமானதாகப் பாருங்கள், குறுக்காகப் படுத்தால் முதுகு வளையாது.

படி 3: இடம் பிடிப்பது

கிளம்பும் நேரத்துக்குப் பல மணி முன்னதாகப் போய்க் கட்டிவிடுங்கள். பல படகுகளில் முந்தைய இரவே ஏறித் தூங்கவும் விடுவார்கள். கீழ்த்தளத்தில் சரக்கும் இன்ஜின் சூடும், மேல்தளத்தில் பாட்டுச் சத்தம். நடுத்தளத்தின் முன்பாதி நல்லது. கழிவறைப் பக்கமும் விளக்குக்கு நேர் கீழேயும் வேண்டாம். ஓரமாகக் கட்டினால் மழைச்சாரல் அடிக்கும்.

படி 4: ஊர்

மீதி நேரம் ஊருக்கு. 1896-இல் திறந்த அமேசோனாஸ் நாடக அரங்கை உள்ளே போய்ப் பாருங்கள். ரப்பர் பணம் கொழித்த காலத்தில் கட்டியது. அதன் குவிமாடத்தில் பிரேசில் கொடியின் நிறங்களில் 36,000 ஓடுகள். ஆற்றோரத்து அதோல்ஃபோ லிஸ்போவா சந்தையில் பிரேசில் கொட்டை வாங்கிக்கொள்ளுங்கள், படகில் பசிக்கு உதவும். குடிநீர், கழிவறைத் தாள், சின்னப் பூட்டு, கொசு மருந்து எல்லாம் இங்கேயே வாங்கிவிடலாம். ரியோ நெக்ரோவின் அமிலத்தன்மையால் மனாவுஸ் பக்கம் கொசு குறைவு, அதை நம்பிக் கொசு மருந்தை விட்டுவிடாதீர்கள். அங்கே எல்லோரும் போனில் 'பிக்ஸ்' வழியாகப் பணம் அனுப்புகிறார்கள். வெளிநாட்டவருக்கு அது சரிவராது, சில்லறை நோட்டு நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு நெக்ரோவும் காப்பி நிற சொலிமோயஸும் (அமேசானின் மேல்பகுதிக்கு அங்கே அந்தப் பெயர்) கலக்காமல் சுமார் 6 கிலோமீட்டர் பக்கம் பக்கமாக ஓடும் இடத்துக்குத் தனிச் சுற்றுலா விற்பார்கள். பகலில் கிளம்பும் பெலேம் படகு அந்த இடத்தைத் தாண்டித்தான் போகும், மேலே நின்று பாருங்கள். ஒன்று மட்டும்: ஆற்றோடு இறங்கும் படகு வேகத்துக்காக நடு ஆற்றில் போகும், காடு தள்ளித்தான் தெரியும். எதிர்த்து ஏறும் படகுதான் கரையை ஒட்டிப் போகும். காட்டுக்காகவே வருகிறவர்கள் பெலேமில் தொடங்கி மேலே வாருங்கள், நாள் கூடும்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர் படகைத் தவறவிட்டார். பலகையில் 4 என்று இருந்ததைத் தேதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். போர்த்துகீசிய மொழியில் கிழமைகளுக்கு எண்: 2 திங்கள், 3 செவ்வாய், 4 புதன், 5 வியாழன், 6 வெள்ளி. சனிக்கும் ஞாயிறுக்கும் எண் கிடையாது. டிக்கெட் வாங்கும்போது தேதியையும் கிழமையையும் விற்பவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.