பால் கட்டிக்கொண்டால் பிழியாதீர்கள், குளிர வையுங்கள்

குழந்தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். குளிக்கும்போதோ பால் கொடுக்க உட்காரும்போதோ ஒரு மார்பில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி ஒன்று கையில் தட்டுப்படும். தொட்டால் வலிக்கும். பால் கொடுத்ததும் கொஞ்சம் இளகி, அடுத்த வேளைக்குள் மறுபடியும் கல்லாகும். காய்ச்சல் இருக்காது. பால் கட்டிக்கொண்டது என்று நாம் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வடிந்துவிடும். வடியாமல் இழுத்துக்கொண்டே போனால், பல நேரம் அதற்குக் காரணம் வீட்டில் செய்யும் வைத்தியம்தான். கட்டியை அழுத்திப் பிழிவது, சுடச்சுட ஒத்தடம் கொடுப்பது, பம்ப்பை வைத்து உறிஞ்சிக்கொண்டே இருப்பது, இந்த மூன்றும் சாதாரணக் கட்டைச் சீழ்க்கட்டி வரை கொண்டுபோய் விடக்கூடியவை.

பிரசவமான 2 முதல் 5 நாளுக்குள் இரண்டு மார்பும் சேர்ந்து கனத்து, பளபளவென்று விறைத்துப் போவது வேறு. அது பால் இறங்கும் நேரத்து வீக்கம். சிசேரியனுக்கு நிறைய குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் வீக்கம் இன்னும் கூடுதலாக இருக்கும். பால் கட்டு என்பது ஒரு மார்பில், ஓர் இடத்தில் மட்டும் வருவது. இரண்டுக்கும் கவனிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

உள்ளே அடைத்திருப்பது கல் இல்லை

குழாயில் கல் சிக்கியது போலப் பால் உறைந்து அடைத்திருக்கிறது, அதைத் தள்ளி வெளியே எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மருத்துவர்களும் பல காலம் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். ஆனால் உண்மை வேறு. மார்புக்குள் பால் நாளங்கள் மரத்தின் வேர் போலக் கிளை கிளையாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பால் அதிகமாகத் தேங்கும்போது சுற்றியுள்ள திசு நீர் கோத்து வீங்குகிறது. அந்த வீக்கம் வெளியிலிருந்து நாளத்தை நெருக்குகிறது. நாளம் ஒடுங்கிப் பால் வரத்து குறைகிறது. அதாவது இது சுளுக்கிய கணுக்கால் வீங்குவதைப் போன்ற சங்கதி. வீங்கிய கணுக்காலை யாரும் கட்டைவிரலால் நசுக்க மாட்டார்கள். தாய்ப்பால் மருத்துவர்களுக்கான சர்வதேச அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-ல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி எழுதியது இந்த அடிப்படையில்தான். மருத்துவமனையில் இன்னமும் "நல்லா அமுக்கி எடும்மா" என்று யாராவது சொன்னால், அது பழைய பாடம்.

முதல் 24 மணி நேரம்

பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். குழந்தை கேட்கும்போது, வழக்கம்போல 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். கட்டியிருக்கும் பக்கத்தைக் 'காலி' செய்ய வேண்டும் என்று அதிலேயே திரும்பத் திரும்பப் போடுவது தப்பு. எவ்வளவு பால் வெளியே போகிறதோ அவ்வளவு ஊற வேண்டும் என்பதுதான் மார்புக்குத் தெரிந்த கணக்கு. அளவுக்கு மேல் எடுத்தால் அளவுக்கு மேல் ஊறும். ஊறியது அதே வீங்கிய இடத்தில் போய் நிற்கும். வலி அதிகமாக இருந்தால் நல்ல பக்கத்தில் தொடங்கி, பால் இறங்கிய பிறகு இந்தப் பக்கத்துக்கு மாற்றலாம். கட்டிய பக்கத்தில் பாலே வரவில்லையென்றால் ஓரிரு வேளை மற்றப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, வீக்கம் தணிந்ததும் திரும்ப முயலுங்கள்.

குழந்தை அந்தப் பக்கத்தில் முகத்தைச் சுளித்தால் பயப்பட வேண்டாம். வீக்கமுள்ள மார்பின் பாலில் சோடியம் கூடும், அதனால் லேசாக உப்புக் கரிக்கும். பால் கெட்டுப்போகவில்லை. சில நாள் அந்தப் பக்கம் பால் குறைந்தது போலவும் இருக்கும். வீக்கம் வடிந்ததும் பழையபடி ஊறும்.

அடுத்தது குளிர்ச்சி. ஐந்தாறு ஐஸ் கட்டிகளைக் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். பால் கொடுத்து முடித்த பிறகு கட்டியின் மேல் 10 முதல் 15 நிமிடம் வைத்திருங்கள். மணிக்கு ஒருமுறை வைத்தாலும் தவறில்லை. ஐஸைத் துணி இல்லாமல் நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது, காம்பின் மேலும் படக் கூடாது. பால் கொடுப்பதற்குச் சற்று முன்னால் வைத்தால் பால் இறங்கத் தாமதமாகும், அதனால்தான் கொடுத்த பிறகு என்கிறோம். ஃப்ரிட்ஜில் வைத்த முட்டைக்கோஸ் இலையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது தரும் சுகம் குளிர்ச்சியால் வருவது.

"பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்கும்" என்று பாட்டி தடுப்பார். தாயின் மார்பில் ஐஸ் வைத்தால் பால் குளிர்ந்து குழந்தைக்குச் சளி பிடிக்காது. பால் உடம்பின் சூட்டில்தான் வரும், சளி கிருமியால்தான் வரும். இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் கை உதவி இன்னும் பல நாள் வேண்டும்.

சுடுநீர் ஒத்தடம் இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதால் பலருக்கு வீக்கம் இன்னும் ஏறும். பால் இறங்கவே மாட்டேன் என்கிறது என்றால், கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான துணியை வைக்கலாம். புறங்கையில் பட்டால் இதமாக இருக்கும் அளவு சூடு போதும்.

வலிக்கு: வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு இபுபுரூஃபன் 400 மி.கி., சாப்பிட்ட பிறகு, 8 மணி நேரத்துக்கு ஒன்று. இது வலியோடு வீக்கத்தையும் குறைக்கும். இல்லையென்றால் பாராசிட்டமால் 650 மி.கி., 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 மாத்திரைக்கு மேல் போகாமல். இரண்டுமே பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றவை. ஒரு எச்சரிக்கை: சிசேரியன் ஆனவர்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை எழுதியிருப்பார்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மேலே சொன்னவற்றைச் சேர்க்கக் கூடாது. டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலும் இருந்தால் இபுபுரூஃபன் வேண்டாம்.

கையை எப்படி வைப்பது

நீவலாம், ஆனால் தோல் மட்டும் நகரும் அளவுக்கு. தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தடவும் அழுத்தம்தான் கணக்கு. வீக்கத்தின் நீரை நிணநீர்க் குழாய்களுக்குள் திருப்பிவிடுவது நோக்கம். அவை தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன, அதனால் அழுத்தினால் மூடிக்கொள்ளும்.

சாய்ந்து உட்காருங்கள். முதலில் காறை எலும்புக்கு மேலே, கழுத்தோரம் உள்ள குழியில் விரல் நுனிகளால் 10 சிறு வட்டங்கள். பிறகு அக்குளில் 10 வட்டங்கள். அதன்பின் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, காம்பின் பக்கத்திலிருந்து காறை எலும்பை நோக்கியும் அக்குளை நோக்கியும் மெல்ல நீவுங்கள். திசையைக் கவனியுங்கள். நம் வீடுகளில் காம்பை நோக்கித் தள்ளுவார்கள், இது அதற்கு நேர் எதிர். ஐந்து நிமிடம் போதும். வலித்தாலோ, நீவிய இடம் சிவந்தாலோ அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் தேவையில்லை. தேய்ப்பவர் வேறு யாராவது என்றால் அழுத்தம் கூடத்தான் செய்யும், ஆகவே இதை நீங்களே செய்யுங்கள்.

காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் விறைத்துப்போய்க் குழந்தையால் கவ்வ முடியவில்லையென்றால் இன்னொரு வழி உண்டு. இரு கை விரல் நுனிகளையும் காம்பின் அடியைச் சுற்றிப் பூப்போல வைத்து, விலா எலும்பை நோக்கி நேர் உள்ளே, ஒரு நிமிடம் அசையாமல் அழுத்துங்கள். விரலை எடுத்தால் சிறு பள்ளங்கள் தெரியும். நீர் பின்னால் போய்விட்டது, காம்பு மெத்தென்று ஆகியிருக்கும். உடனே குழந்தையைப் போடுங்கள்.

அப்படியும் முடியாவிட்டால் கையால் கொஞ்சம் பீய்ச்சலாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி, எதிரெதிரே இருக்கட்டும். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே, பிறகு இரு விரலும் ஒன்றை ஒன்று நோக்கி, பிறகு விடுங்கள். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது. ஒன்றிரண்டு கரண்டி வந்து மார்பு இளகியதும் நிறுத்திவிடுங்கள். அந்தப் பாலைப் பாலாடையில் குழந்தைக்கே கொடுக்கலாம். நூல் போலவோ கொழுப்புத் துணுக்கு போலவோ ஏதாவது வந்தாலும் கெடுதல் இல்லை. பம்ப், குழந்தை குடிக்க முடியாத வேளைக்கு மட்டும்.

செய்யக் கூடாதவை சில

மல்லிகைப்பூவை மார்பில் கட்டுவது நம் ஊர் வழக்கம். அது வெறும் நம்பிக்கை இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், பாலை வற்றச் செய்யும் மாத்திரையோடு மல்லிகைச் சரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூவும் பாலைக் குறைத்தது. ஆகவே தொடர்ந்து பால் கொடுக்கப் போகிறவர் கட்டு கரைய வேண்டும் என்று மல்லிகை கட்டக் கூடாது. அது பாலை நிறுத்த வேண்டியவர்களுக்கான வைத்தியம்.

காம்பு நுனியில் வெண்புள்ளி தெரிந்தால் ஊசியால் குத்தாதீர்கள். குத்திய இடம் புண்ணாகி ஆறும்போது இன்னும் தடித்து மூடும். மருத்துவர் பூசக் கொடுக்கும் களிம்பு அதைக் கரைக்கும். சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ எடுக்கும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் அடிக்கடி பால் கட்டுபவர்களுக்குத் தரப்படுகிறது, அதையும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

மூன்றாம் நான்காம் நாளில் அக்குளிலேயே எலுமிச்சை அளவு கட்டி வந்து பயமுறுத்தும் சிலருக்கு. நெறி கட்டியது என்று நினைப்பார்கள். சிலருக்கு அக்குளில் மார்புத் திசுவின் ஒரு துண்டு பிறவியிலேயே இருக்கும், பால் இறங்கும்போது அதுவும் வீங்கும். அதற்குக் காம்பு இல்லாததால் பீய்ச்ச வழியில்லை. ஐஸ் வைத்து விட்டுவிட்டால் சில நாளில் சுருங்கிவிடும்.

பால் சுறாப் புட்டு, பூண்டுப் பால், வெந்தயக் களி எல்லாம் பால் ஊறுவதற்காகக் கொடுப்பவை. ஏற்கெனவே தேங்கி நிற்கும்போது கட்டு வடியும்வரை அவற்றை அளவோடு வைத்துக்கொள்ளலாம். பத்தியம் என்று தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள்.

ஏன் வந்தது என்று தேடுங்கள்

முதலில் ஜாக்கெட்டைப் பாருங்கள். கீழ்க்கொக்கி இரண்டை மட்டும் கழற்றி, ஜாக்கெட்டை மேலே தூக்கிவிட்டுப் பால் கொடுப்பது வழக்கம். அந்த விளிம்பு மார்பின் மேல்பாதியில் கயிறு போல அரை மணி நேரம் அழுத்திக் கிடக்கும். எழுந்ததும் தோலில் கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள். கோடும் கட்டியும் ஒரே இடத்தில் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. எல்லாக் கொக்கியையும் கழற்றிவிடுங்கள், அல்லது தளர்ந்த நைட்டி போடுங்கள். கம்பி வைத்த பிரா, தோளில் குறுக்கே மாட்டும் பை, ஒரே பக்கமாகக் குப்புறச் சாய்ந்து தூங்குவது இவையும் இதே மாதிரிதான்.

இரண்டாவது, இடைவெளி. தொட்டில் போடும் நாளில் வீடு நிறைய ஆள் இருக்கும். குழந்தை கைமாறிக்கொண்டே இருக்கும், தாய் கூச்சத்தில் எழுந்து போக மாட்டாள். நான்கைந்து மணி நேரம் தப்பினால் அன்று இரவே கட்டிவிடும். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, குழந்தை வாயைத் திறந்து தேடத் தொடங்கியதுமே அதைத் தாயிடம் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுவதுதான்.

மூன்றாவது, கவ்வுவது. வாய் கொட்டாவி போல அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும். கருவட்டம் மேலே அதிகமும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். காம்பை மட்டும் பிடித்தால் வெளியே வரும்போது அது லிப்ஸ்டிக் நுனி போலச் சாய்வாக நசுங்கியிருக்கும். விரலை வாயோரம் நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி போடுங்கள்.

எப்போது மருத்துவரிடம்

101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், ஆப்புத் துண்டு போலப் பரவும் சிவப்பு, இவை 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் போய்விடுங்கள். காம்பில் சீழ் வந்தாலோ, மயக்கம் வருவது போல இருந்தாலோ காத்திருக்காதீர்கள். கிருமித் தொற்று என்றால் ஆன்டிபயாடிக் தருவார்கள். அப்போதும் பால் கொடுக்கலாம். கட்டி இளகாமல், நடுவில் தொட்டால் தளும்புவது போல இருந்தால் ஸ்கேன் எடுத்து, சீழ் இருந்தால் ஊசியால் உறிஞ்சுவார்கள்.

பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் வரும் காய்ச்சலைப் "பால் கட்டினதால வந்தது" என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். கர்ப்பப்பையிலோ, சிறுநீரிலோ, தையலிலோ தொற்று இருந்தாலும் காய்ச்சல்தான் வரும். அடிவயிற்று வலி, நாற்றமுள்ள போக்கு, தையலில் கசிவு இருந்தால் அன்றே காட்டுங்கள். தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். கிராம சுகாதாரச் செவிலியர் பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரும்போது கட்டியைக் கூச்சப்படாமல் காட்டுங்கள்.

காய்ச்சல் இல்லாமலே கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் அதே இடத்தில் நின்றாலோ, ஒரே இடத்தில் மூன்று முறை வந்தாலோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பால் கொடுக்கும் காலத்திலும் ஸ்கேன் எடுக்கலாம். போவதற்குச் சற்று முன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனால் படம் தெளிவாகத் தெரியும்.

பிறந்த குழந்தையின் மார்பும் சில நாள் வீங்கி, ஒரு துளிப் பால் கூட வரும். தாயின் ஹார்மோன் காரணம், ஆண் குழந்தைக்கும் வரும். குளிப்பாட்டும்போது அதைப் பிதுக்கி எடுக்க யாரையும் விடாதீர்கள். பிதுக்கிய இடத்தில் சீழ் கட்டி, பச்சிளம் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிடும்.