சென்னையிலிருந்து கேதார்காந்தாவுக்கு: முதல் இமயமலை ட்ரெக்குக்கு உடம்பையும் பையையும் தயார் செய்வது எப்படி?

கேதார்காந்தா உத்தரகாண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கும் ஒரு சிகரம். உயரம் சுமார் 3,810 மீட்டர், அதாவது 12,500 அடி. சாங்க்ரி கிராமத்தில் (சுமார் 1,950 மீட்டர்) நடக்க ஆரம்பித்து, காட்டுக்குள் ஜூடா கா தாலாப் ஏரி வழியாக ஏறி, நான்கைந்து நாளில் திரும்பிவிடலாம். கயிறு கட்டி ஏற வேண்டிய இடம் எதுவும் கிடையாது. குளிர்காலம் முழுக்கப் பாதையில் பனி கிடக்கும். பனியையே பார்த்திராத நம்மூர் ஆட்கள் முதல் ட்ரெக்குக்கு இதைத் தேர்ந்தெடுக்க இதெல்லாம்தான் காரணம்.

எளிதான ட்ரெக் என்று பெயர் வாங்கியதால், ஒரு ஜாக்கெட் வாங்கிவிட்டால் கிளம்பலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சமவெளியில் இருந்துகொண்டு இதற்கு எப்படிப் பழகுவது என்ற தயக்கம் வேறு சிலருக்கு. இரண்டுமே தேவையில்லை. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியையே தொட்டுவிட்டு வந்தார். கேதார்காந்தாவுக்குப் பத்து வாரப் பயிற்சியும் காலுக்குப் பொருந்திய ஒரு ஷூவும் இருந்தால் போதும். என்னைக் கேட்டால், கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கை ஷூவுக்கும், பயிற்சி நேரத்தில் பெரும்பங்கை இறக்கத்துக்கும் ஒதுக்குங்கள். மற்றதைக் கடன் வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம்.

1. டாக்டரைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்

ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு எதுவாக இருந்தாலும் முன்பதிவு செய்வதற்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். "மலைக்குப் போகிறேன்" என்று மட்டும் சொன்னால் அவர் ஊட்டியை நினைத்துக்கொள்வார். 12,500 அடி, பனி, தினமும் ஐந்தாறு மணி நேர நடை என்று விவரமாகச் சொல்லுங்கள். கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பத்து வாரத்துக்கு முன் பயிற்சியைத் தொடங்குங்கள். எட்டு வாரத்துக்குக் குறைவாக இருந்தால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

2. மூச்சுக்கு: முதல் நான்கு வாரம்

வாரத்துக்கு நான்கு நாள் வேகநடை அல்லது மெதுஓட்டம். வாட்ச், ஆப் எதுவும் கட்டாயமில்லை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் எட்டு மணிக்கு மேல் ஓடினால் களைப்பு ஏறுமே தவிர பலம் ஏறாது. ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் 40 நிமிடத்துக்குள் முடிக்கும் நிலைக்கு வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

3. கோயில் மலைகளைப் பயன்படுத்துங்கள்

மலையேற்றப் பயிற்சிக்கு நம்மிடம் இருப்பது போன்ற வசதி எல்லோருக்கும் கிடைக்காது. திருத்தணியில் 365 படி. பழநியில் 693. சோளிங்கர் பெரிய மலையில் 1,305. ரோப்கார் வந்த பிறகும் சோளிங்கர் படிகளில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து வார நாட்களில் இரண்டு நாள் வீட்டுப் படிக்கட்டு அல்லது அடுக்குமாடிப் படிக்கட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு கோயில் மலை. இந்த வரிசை வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒத்துவரும்.

முதுகில் பை இருக்கட்டும். எடைக்குத் தண்ணீர் பாட்டில்களே போதும். முதல் வாரம் நான்கு லிட்டர், அதாவது நான்கு கிலோ. பிறகு வாரம் ஒரு கிலோ கூட்டி எட்டு கிலோவில் நிறுத்துங்கள். தண்ணீரில் இன்னொரு வசதியும் உண்டு. ஆரம்ப வாரங்களில் மேலே போனதும் பாதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு இறங்கினால் முட்டி தப்பிக்கும். எட்டாவது, ஒன்பதாவது வாரங்களில் முழு எடையோடு இறங்கிப் பழகலாம். சோளிங்கரில் குரங்குகள் அதிகம், பையின் பக்கவாட்டில் எதையும் செருகி வைக்காதீர்கள்.

கோயில் படியில் ஷூ போட முடியாது என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். வெறுங்காலில் ஏறுவதால் பாதமும் கணுக்காலும் வலுப்பெறும், அதுவும் நல்லதுதான். ஆனால் ஷூவைப் பழக்க அபார்ட்மென்ட் படிக்கட்டும் மேம்பாலமும்தான் வழி.

4. இறங்கப் பழகுவது தனி வேலை

ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது நடப்பது வேறு. உடம்பின் எடை முழுவதையும் தொடையின் முன்தசை பிரேக் பிடிப்பதுபோல் தாங்குகிறது. அந்தத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீள வேண்டியிருக்கிறது. இதில்தான் தசை நார்களுக்குச் சின்னச் சின்னச் சேதம் ஏற்பட்டு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உட்கார்ந்து எழ முடியாமல் வலிக்கிறது. கேதார்காந்தா உச்சி நாளில் நீண்ட நேரம் இறங்க வேண்டியிருக்கும், அதுவும் வழுக்கும் பனியில். தடுமாறி விழுவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஒருமுறை மிதமாக இறங்கிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த வலியோடு செய்யும். இதற்காகவே கீழே உள்ள ஒரு பயிற்சியை வாரம் மூன்று முறை விடாமல் செய்யுங்கள்.

படிக்கட்டின் கடைசிப் படியில், கீழே பார்த்தபடி ஒரே காலில் நில்லுங்கள். கைப்பிடியை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொள்ளலாம். மற்றக் காலை முன்னால் நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மெதுவாகக் கீழே இறக்குங்கள். குதிகால் தரையைத் தொட்டதும் எடையை வைக்காமல் திரும்ப மேலே வாருங்கள். நிற்கும் காலின் முட்டியையே பார்த்துக்கொண்டிருங்கள். அது கட்டைவிரல் பக்கம் உள்ளே சாய்ந்தால் இடுப்புத் தசை பலவீனம் என்று பொருள்; படியின் உயரத்தைக் குறைத்து, முட்டி இரண்டாம் விரலுக்கு நேராக நிற்கும்வரை பழகுங்கள். ஒரு காலுக்கு எட்டு, மூன்று சுற்று. முட்டிக்குள் குத்தும் வலி வந்தால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

இதோடு ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), கெண்டைக்காலுக்கு நுனிக்காலில் எழும்புவது, பிளாங்க் (முழங்கையும் நுனிக்காலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது) மூன்றையும் சேர்த்துக்கொண்டால் போதும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் எடை தூக்காமல், லேசாக நடந்துகொண்டு, நன்றாகத் தூங்குங்கள்.

5. ஷூ வாங்குவது

மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். ட்ரெக்கில் போடப்போகும் தடித்த சாக்ஸை வீட்டிலிருந்தே எடுத்துப் போய், அதைப் போட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும்.

லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளி விரல்கள் முன்பக்கம் இடிக்கும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸை இறுக்கிக் கட்டி, கடையில் சரிவுப்பலகை இருந்தால் அதில், இல்லையென்றால் படியில் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி இடித்தால் அந்த ஷூ வேண்டாம். கடைக்காரர் "போகப் போக விரியும்" என்பார். அகலம் கொஞ்சம் விரியலாம், நீளம் விரியாது. பனிக்குப் போவதால் கணுக்காலை மூடும் உயரம், தண்ணீர் புகாத தன்மை, அடியில் ஆழமான பள்ளங்கள் மூன்றும் வேண்டும். ஓட்டத்துக்கான ஷூ பனியில் அரை மணி நேரத்தில் ஊறிவிடும்.

லேஸ் கட்டும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதத்தின் மேல்பகுதி முடிந்து கணுக்கால் தொடங்கும் மடிப்பில், இரண்டு லேஸையும் வழக்கம்போல் ஒருமுறை முறுக்குவதற்குப் பதில் இருமுறை முறுக்கி இழுங்கள். அந்த இடத்தில் லேஸ் பூட்டிக்கொள்ளும். குதிகால் மேலே எழும்பாது, இறக்கத்தில் விரல் முன்னால் ஓடாது. அதற்கு மேலே கணுக்கால் பகுதியை, ஏறும்போது தளர்த்தியும் இறங்கும்போது இறுக்கியும் கட்டிக்கொள்ளலாம். நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். கால்கட்டைவிரல் நகம் கறுத்துப்போவது இறக்கத்தில் இடித்து இடித்துத்தான்.

புது ஷூவில் குறைந்தது ஐம்பது கிலோமீட்டராவது நடந்த பிறகே மலைக்குக் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் சூடாகிறதோ அங்கே கொப்புளம் வரும். சூடு தெரிந்த உடனே நின்று, சாக்ஸைக் கழற்றி, அந்த இடத்தில் மருந்துக்கடை பேப்பர் டேப்பை ஒட்டிவிட்டால் கொப்புளத்தைத் தடுக்கலாம். அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

6. உடை

பருத்தி வேண்டாம். பனியன், ஜட்டி, ஜீன்ஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயவே காயாது, நின்ற ஐந்தாவது நிமிடம் உடம்பு நடுங்க ஆரம்பிக்கும்.

உடம்போடு ஒட்டி ஒரு பாலியெஸ்டர் அல்லது கம்பளித் தெர்மல். அதன் மேல் ஃப்ளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கை நூல் ஸ்வெட்டர். முகாமில் உட்காரும்போதும் உச்சிக்குப் போகும் அதிகாலையிலும் போட, உள்ளே பஞ்சோ இறகோ அடைத்த ஒரு பஃபர் ஜாக்கெட். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஒரு மெல்லிய ஜாக்கெட். இரவில் குளிர் −10 டிகிரியை ஒட்டிப் போகும். ஆனால் நடக்கும்போது உடம்பு அடுப்பாகக் கொதிக்கும், பஃபரைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸைத் தனியாகக் கட்டிவைத்து, என்ன ஆனாலும் அதைப் பகலில் தொடாதீர்கள்.

பஃபர், கைத்தடி, ஷூவுக்கு அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக், பனி உள்ளே புகாமல் தடுக்கும் கெய்ட்டர், ஸ்லீப்பிங் பேக் இவையெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்பைக்கும் கெய்ட்டரும் ட்ரெக் நடத்துபவர்களின் கட்டணத்தில் சேர்ந்தவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

7. பையை மாட்டும் வரிசை

50 லிட்டர் ரக்சாக் (முதுகுப்பை) போதுமானது. எடையைத் தோள் தாங்கக் கூடாது, இடுப்புதான் தாங்க வேண்டும். முதலில் எல்லா வாரையும் தளர்த்துங்கள். பையை முதுகில் ஏற்றி, இடுப்பு வாரின் பஞ்சு வைத்த பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்காரும்படி வைத்து இறுக்குங்கள். தொப்புளுக்கு மேலே போனால் வயிறு அழுந்தும், கீழே போனால் தொடை தூக்க வராது. அதன் பிறகு தோள் வாரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் அளவுக்கு இழுங்கள். கடைசியில் தோளுக்கு மேலே இருக்கும் சின்ன வாரையும் மார்பு வாரையும் சரிசெய்யுங்கள். தோளுக்கும் வாருக்கும் இடையில் விரல் சுலபமாக நுழைந்தால் எடை இடுப்புக்குப் போய்விட்டது.

ஸ்லீப்பிங் பேக் அடியில், கனமான பொருட்கள் முதுகெலும்பை ஒட்டி நடுவில், மழை ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் மேலே. பைக்குள் முதலில் ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பையை விரித்துவிட்டு அதற்குள் அடுக்குங்கள். மழையுறையை நம்புவதைவிட இதை நம்பலாம்.

8. குளிருக்கும் வெயிலுக்கும் சில சின்ன ஏற்பாடுகள்

ஹெட்லேம்ப் கட்டாயம், ஏனென்றால் உச்சிக்கு இருட்டிலேயே கிளம்புவார்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். போனையும் பவர்பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேல்பரப்பிலிருந்து உறையும், தலைகீழாக இருந்தால் மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும்.

கறுப்புக் கண்ணாடியை அழகுப் பொருளாக நினைக்க வேண்டாம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும், அதனால் கீழிருந்தும் கண்ணில் அடிக்கும். புற ஊதாக் கதிரை முழுமையாகத் தடுக்கும் கண்ணாடியாக வாங்குங்கள். சன்ஸ்கிரீனை மூக்கின் அடிப்பகுதியிலும் தாடைக்குக் கீழும் தடவ மறக்காதீர்கள்.

9. உயரம்

நன்றாக ஓடுபவருக்கு உயர நோய் வராது என்பது தவறான நம்பிக்கை. உடல்தகுதி இதற்குக் கவசம் அல்ல. கேதார்காந்தா உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. உடம்பு அதற்குப் பழக நேரம் வேண்டும். வேகமாக ஏறி முதலில் போய்ச் சேருவதால் எந்தப் பயனும் இல்லை.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், பசியின்மை, அளவுக்கு மீறிய களைப்பு சேர்ந்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் ஏறக் கூடாது. தள்ளாடி நடப்பது, குழறிப் பேசுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுவது, நுரையோடு இருமல் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே, இரவாக இருந்தாலும், கீழே இறங்க வேண்டும். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் கொடுத்தார் என்று விழுங்காதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் மலையில் வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள்.

10. கிளம்பும் நாள்

டேராடூனிலிருந்து சாங்க்ரிக்குச் சுமார் 200 கிலோமீட்டர், பெரும்பாலும் கொண்டைஊசி வளைவுகள், பகல் முழுக்க ஆகும். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். தேவையான பணத்தை வழியில் புரோலாவிலேயே எடுத்துவிடுங்கள். ஷூவை லக்கேஜில் போடாமல் காலில் போட்டுக்கொண்டே சென்னையிலிருந்து கிளம்புங்கள். பை வந்து சேராமல் போனாலும் ஜாக்கெட்டை சாங்க்ரியில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், காலுக்குப் பழகிய ஷூ அங்கே கிடைக்காது.