'ராட்' வந்தால் 'ஒர்க்ட்' என்று படியுங்கள்

ஆங்கிலத்தில் 'ராட்' என்ற பெயரடை வந்தால் (ஒலிக்காத டபிள்யூவில் தொடங்கும்), அந்த இடத்தில் மனசுக்குள் 'ஒர்க்ட்' என்று போட்டுப் படியுங்கள். பெரும்பாலும் அகராதியே வேண்டியிருக்காது.

காரணம், 'ஒர்க்' என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம்தான் இது. 'ராட் அயர்ன்' என்பது சுத்தியலால் அடித்தோ உருளைகளுக்கு நடுவே செலுத்தியோ வேலை செய்து உருவாக்கிய இரும்பு. உருக்கி அச்சில் ஊற்றியது 'காஸ்ட் அயர்ன்'. இரண்டையும் குழப்பிக்கொள்வோருக்கு இந்த ஒரு மாற்றே போதும். அதேபோல் 'ஃபைன்லி ராட்' என்று ஒரு நகையையோ கவிதையையோ சொன்னால், நுணுக்கமாக வேலை செய்து உருவாக்கியது என்று பொருள். 'ரீக்' (சேதம் போன்றவற்றை விளைவிப்பது) என்ற வினையின் இறந்தகாலம்தான் 'ராட்' என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு 'ரீக்ட்' என்று தனியாக இருக்கிறது.

'ஓவர்ராட்' வரும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள். 'ஓவர்ஒர்க்ட்' என்று மாற்றினால் வேலை செய்து களைத்தவர் ஆகிவிடுவார். உண்மையில் அது மிகவும் பதறி, நிலைகொள்ளாமல் இருப்பவரைக் குறிக்கும். எழுத்தையோ அலங்காரத்தையோ அப்படிச் சொன்னால், அளவுக்கு மீறி இழைத்தது. அப்புறம், அலுவலகத்தில் வேலை செய்தேன் என்று சொல்ல இன்று 'ஒர்க்ட்' மட்டும்தான்.