டென்னிஸ் ரேங்க் 700க்கு மேல் உள்ள பெண் பிள்ளை: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

என் அண்ணன் மகள் பாளையங்கோட்டையில் டென்னிஸ் ராக்கெட் பிடித்தவள். இன்று அவளுடைய உலக ரேங்க் 700க்கும் 900க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. எண்ட்ரி போடுவது (போட்டிக்குப் பெயர் கொடுப்பது), டிக்கெட் எடுப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. அதில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நம் பக்கத்தில் இன்னும் நாலு பிள்ளைகள் இந்த வழிக்கு வருகிறார்கள், அவர்களுக்காவது ஆகும்.

முதல் தவறு என்னுடையது. போட்டி தொடங்கும் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்னால் வரும் வியாழக்கிழமையோடு எண்ட்ரி முடிகிறது, நம் நேரப்படி இரவு 7.30க்கு. ‘ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போடலாம்’ என்று ஒரு வியாழன் இருந்துவிட்டேன். எட்டு மணிக்குத் திறந்தால் பட்டியல் மூடியிருந்தது. அந்த வாரம் போனது போனதுதான். விலகுவதற்கும் கெடு உண்டு: 13 நாள் முன்னால் வரும் செவ்வாய். அதற்குப் பிறகு விலகினால் நடவடிக்கை வரும். இப்போது இரண்டு நாளுக்கும் செல்போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.

அடுத்தது பாயிண்ட் கணக்கு. ரேங்க் என்பது கடைசி 52 வாரப் போட்டிகளில் எடுத்த பாயிண்ட்டின் கணக்கு. போன வருஷம் இதே வாரம் எடுத்த பாயிண்ட் இந்த வருஷம் கழிந்துவிடும். ‘ரேங்க் இறங்கிட்டே, ஒழுங்கா ஆடலையா?’ என்று பிள்ளையைக் கேட்பதற்கு முன்னால் எது கழிந்தது என்று பாருங்கள்.

எந்தப் போட்டிக்குப் போவது என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. பெண்களுக்கான கீழ்மட்டப் போட்டிகளில் மொத்தப் பரிசு 15,000 டாலர். பட்டம் வென்றால் 15 பாயிண்ட், அரையிறுதிக்கு 6, காலிறுதிக்கு 3, ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் 1. அதற்கு மேல் படியான ‘டபிள்யூ 35’ என்ற போட்டியில், மெயின் டிராவில் (தகுதிச் சுற்று முடிந்து நடக்கும் முக்கியச் சுற்றுகளில்) ஒரு ஆட்டம் ஜெயித்தாலே 4, காலிறுதிக்கு 8. எளிதாக ஜெயிக்கிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் ரேங்க் நகராது. அதற்காக மேலேயே போய் மாதக்கணக்கில் குவாலிஃபயிங் என்ற தகுதிச் சுற்றிலேயே தோற்றுக்கொண்டிருந்தால் பிள்ளையின் மனசு விட்டுப்போகும். கீழே இரண்டு மூன்று தடவை அரையிறுதி பார்த்ததும் மேலே அனுப்புங்கள் என்பது என் கருத்து.

ஒரே வாரத்துக்காக வெளிநாடு போகாதீர்கள். துருக்கியில் அந்தல்யா, துனிசியாவில் மொனாஸ்டிர், எகிப்தில் ஷார்ம் எல் ஷேக் போன்ற ஊர்களில் அதே மைதானத்தில் வாரா வாரம் போட்டி நடக்கும். முதல் சுற்றில் தோற்றால் 200 டாலர்கூடக் கைக்கு வராது. ஒரு விமான டிக்கெட்டில் மூன்று வாரம் ஆடினால்தான் கட்டும்.

டபுள்ஸை விடுவது இன்னொரு தவறு. ‘உடம்பு அலுக்கும், சிங்கிள்ஸ் போதும்’ என்று எங்கள் வீட்டிலும் சொன்னோம். திங்கட்கிழமை தோற்ற பிள்ளை மீதி நாளெல்லாம் ஓட்டல் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் போபண்ணாவோடு கலப்பு டபுள்ஸில் தங்கம் வாங்கிய ருதுஜா போசலே இந்த மாதிரி சிறு போட்டிகளில் ஆடி வந்தவர்தான்.

இனி நம் ஊருக்கே உரிய ஒன்று. ஆனி, ஆடி வந்தால் மேற்கே இருந்து காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது, சாயங்கால கோர்ட்டு காலியாகிவிடுகிறது. ‘காத்துல என்னத்த ஆட’ என்று பிள்ளைகளை ஜிம்முக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் காற்று நமக்குக் கிடைத்த வரம், அதை விடாதீர்கள். மொனாஸ்டிரும் ஷார்ம் எல் ஷேக்கும் கடற்கரை ஊர்கள், அங்கேயும் காற்றுதான். என் அண்ணன் மகள் முதல் ஆடியில் சர்வீஸ் போடப் பந்தை வழக்கம்போல உயரமாகத் தூக்குவாள், அது தலைக்குப் பின்னால் போய் விழும். பத்துத் தடவைக்கு ஆறு தடவை பிடித்துவிட்டு மறுபடி தூக்குவாள். ஆவணிக்குள் தூக்குவதை ஒரு முழம் குறைத்துக்கொண்டாள். ஓடி வந்து கடைசியில் ஒரே பெரிய தாவாகத் தாவுவதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன அடியாக நான்கைந்து வைக்கப் பழகினாள். காற்றுக்கு எதிரே நின்றால் ஓங்கி அடிப்பாள், காற்று முதுகில் இருந்தால் சுழற்றி உள்ளே இறக்குவாள். இதைச் சொல்லிக் கொடுத்தது காற்றுதான்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இருமல் மருந்து, ஜிம் பவுடர், ஊரில் கிண்டிய லேகியம் எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். உடம்புக்குள் என்ன போனாலும் பொறுப்பு ஆட்டக்காரருடையது, ‘தெரியாமல் கொடுத்துவிட்டோம்’ என்றால் விட்டுவிட மாட்டார்கள். தடை செய்யப்பட்ட மருந்துப் பட்டியலை விளையாட்டு மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம், இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாத ஆள் ‘முதல் செட்டை விட்டுக்கொடு, பணம் தருகிறேன்’ என்று எழுதினால், பயந்து அழித்துவிட்டுச் சும்மா இருப்பதும் குற்றமாகும். அழிக்காமல் வைத்துக்கொண்டு டென்னிஸ் நேர்மைக்கான சர்வதேச முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். கூடப் போகும் குடும்பத்தாரும் டென்னிஸ் ஆட்டத்தின்மேல் பந்தயம் கட்டக் கூடாது, விளையாட்டுக்குக்கூட.

தோற்ற அன்று ராத்திரி வரும் போனை யார் எடுக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்: ‘ஜெயிச்சியா?’ மறுமுனையில் சத்தமே இருக்காது. இப்போது ஆச்சிதான் முதலில் போனை வாங்குகிறாள். ‘ஏட்டி, சாப்பிட்டியா? நாளைக்கு டபுள்ஸ் எத்தனை மணிக்கு?’ என்கிறாள்.